யார் இந்த சீதக்கா? துப்பாக்கியோடு திரிந்த காட்டுக்கே எம்எல்ஏ ஆனது எப்படி? முலுகு தொகுதியின் கதை

2023 டிசம்பர் 7, ஹைதராபாத் எல்.பி. ஸ்டேடியம். தெலங்கானாவின் புதிய காங்கிரஸ் அரசு பதவியேற்கிறது. அப்போதைய ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் ஒவ்வொருவருக்காகப் பதவிப் பிரமாணம் செய்து வைக்கிறார். முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி, துணை முதலமைச்சர் பட்டி விக்ரமார்கா, சீனியர் தலைவர்கள் என வரிசை போகிறது. கைத்தட்டல் வருகிறது, அடங்குகிறது.

அடுத்து சாதாரண காட்டன் புடவையில் ஒரு பெண் மைக் முன்னால் வந்து நிற்கிறார். ஸ்டேடியமே எழுந்து கத்துகிறது. சத்தம் அடங்கவே கொஞ்ச நேரம் ஆகிறது. உறுதிமொழி வாசிக்கக் காத்திருக்கிறார் அவர்.

அவர்தான் தன்சரி அனசூயா. ஆனால் தெலங்கானாவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பலருக்குச் சட்டெனத் தெரியாது. சீதக்கா என்றால் தெரியும்.

அமைச்சரானது 2023-ல். ஆனால் அவரைப் புரிந்துகொள்ள அந்த மேடையைவிட அவரது தொகுதியைப் பார்ப்பதுதான் உதவும். ஒரு காட்டுத் தொகுதி எம்எல்ஏ என்ன செய்ய முடியும், எங்கே கை கட்டப்படுகிறது என்பதற்கு முலுகு ஒரு நல்ல உதாரணம்.

முலுகு எங்கே இருக்கு?

பழைய வாரங்கல் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். ஒரு பக்கம் கோதாவரி, அதைத் தாண்டினால் சத்தீஸ்கர் எல்லைக் காடுகள். ஏட்டூருநாகாரம் வனவிலங்கு சரணாலயம் இங்கேதான். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ராமப்பா கோயிலும் இங்கேதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் மேடாரம் ஜாத்திரையும் இங்கேதான். காகதீய அரசின் வரிவசூலை எதிர்த்து நின்ற சம்மக்கா, சாரலம்மா என்ற தாயும் மகளும்தான் அங்கே தெய்வம். வரி கட்ட மறுத்த பழங்குடிப் பெண்களைச் சாமியாகக் கும்பிடும் ஊர் இது என்பதை மனசில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாகப் புரியும்.

இது பழங்குடியினருக்கான ரிசர்வ் தொகுதி. இங்கே எஸ்டி பட்டியலில் முக்கியமாக இரண்டு தரப்பு. ஒன்று காட்டோடு வாழும் கோயா மக்கள். இன்னொன்று தண்டாக்களில் வாழும் லம்பாடா மக்கள். லம்பாடாக்கள் தெலங்கானா பகுதியில் எஸ்டி பட்டியலுக்கு வந்தது 1970-களில். அதிலிருந்து இட ஒதுக்கீட்டின் பெரும்பங்கு அவர்களுக்கே போகிறது என்பது கோயா, கோண்டு மக்களின் நீண்டகால மனக்குறை. 2017 கடைசியில் ஆதிலாபாத் பக்கம் இது பெரிய மோதலாகவே வெடித்தது. முலுகில் யார் வேட்பாளர் என்ற கேள்விக்குப் பின்னால் இந்தக் கணக்கும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

சீதக்கா ஒரு கோயா. 1971 ஜூலை 9-ல் முலுகு அருகே ஜக்கன்னபேட்டை கிராமத்தில் பிறந்தவர்.

அனசூயா எப்படி சீதக்கா ஆனார்?

1980-களின் வாரங்கல் காடுகளில் நக்சல் இயக்கம் ஒரு இணை அரசாங்கம் மாதிரி. நிலப் பிரச்னை, பீடி இலைக் கூலி, வனத்துறை அதிகாரிகளின் கெடுபிடி என எதுவாக இருந்தாலும் ஊர்க்காரர்கள் போனது தாசில்தாரிடம் அல்ல, ‘அண்ணலு’ என்று அவர்கள் கூப்பிட்ட தளங்களிடம். தளம் என்றால் காட்டுக்குள் சுற்றும் சிறு ஆயுதக் குழு.

பதின்ம வயதிலேயே ஜனசக்தி நக்சல் குழுவில் சேர்ந்தார் அனசூயா. இயக்கத்தில் சொந்தப் பெயர் வைத்துக்கொள்ள முடியாது. அங்கே கிடைத்த பெயர் சீதா. அக்கா என்பது தெலுங்கிலும் அக்காதான். தோழர்கள் கூப்பிட்ட ‘சீதக்கா’ ஊர்ப் பெயராக ஒட்டிக்கொண்டது. தளத்தை வழிநடத்தும் பொறுப்பு வரைக்கும் போனார்.

பிறகு ஏன் வெளியே வந்தார்? ஆயுதப் பாதையில் நம்பிக்கை போனது என்பதுதான் அவர் பல இடங்களில் சொன்ன காரணத்தின் சாரம். இயக்கங்களுக்குள் பிளவு மேல் பிளவாக வந்த காலம் அது. 1990-களின் நடுவில் அரசின் பொதுமன்னிப்பைப் பயன்படுத்திச் சரணடைந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். சரணடைந்தவர்கள் பலரின் கதை இதோடு முடிந்துவிடும். ஒரு பக்கம் போலீஸ் கண்காணிப்பு, இன்னொரு பக்கம் பழைய தோழர்களின் சந்தேகம், கையில் படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. சீதக்கா விட்ட படிப்பைப் பிடித்தார். சட்டம் முடித்து வழக்கறிஞராகி வாரங்கல் நீதிமன்றத்துக்குப் போனார். போலீஸ் தேடிய ஆள் அதே போலீஸின் வழக்குகளில் எதிர்த்தரப்பில் நிற்பது சினிமா சீன் மாதிரி இருக்கும். ஆனால் காட்டு கிராமத்துக்கு அது சினிமா இல்லை. காவல் நிலையத்தில் மகனை வைத்திருக்கிறார்கள் என்றால் ஓடிப்போய்ப் பார்க்க ஒரு ‘நம்ம வக்கீல்’ கிடைத்தார். அவரது ஓட்டு வங்கி தொடங்கிய இடமே இதுதான் என்று சொல்லலாம்.

முதல் தேர்தலில் என்ன ஆச்சு?

தெலுங்கு தேசம் அவருக்கு 2004-ல் முலுகு சீட் கொடுத்தது. அந்த நேரத்தை யோசித்துப் பாருங்கள். 2003 அக்டோபர் 1-ம் தேதிதான் திருப்பதி அலிப்பிரியில் சந்திரபாபு நாயுடுவின் கார் மீது மக்கள் யுத்தக் குழு கண்ணிவெடி வைத்தது. நாயுடு உயிர் தப்பினார். அதற்கு அடுத்த தேர்தலிலேயே ஒரு முன்னாள் நக்சலுக்கு அவரது கட்சி சீட் தருகிறது. இரண்டும் வேறு வேறு குழுக்கள்தான். ஆனாலும் அது சாதாரண முடிவு இல்லை. காட்டுத் தொகுதியில் காட்டுக்குள் நடந்து போகக்கூடிய ஆள் வேண்டும் என்று கட்சி கணக்குப் போட்டிருக்கும்.

கணக்கு அந்த முறை பலிக்கவில்லை. ஆந்திரா முழுக்க காங்கிரஸ் அலை. காங்கிரஸின் பொதெம் வீரய்யாவிடம் தோற்றார்.

2009-ல் அதே வீரய்யாவைத் தோற்கடித்து முதல்முறையாக எம்எல்ஏ ஆனார். அந்த முறையும் மாநிலத்தில் ஆட்சிக்கு வந்தது ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டியின் காங்கிரஸ்தான். ஆக, எதிர்க்கட்சி எம்எல்ஏவாகத்தான் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். சீதக்காவின் முதல் இரண்டு பதவிக்காலமும் எதிர்க்கட்சி வரிசையில்தான் என்பது முக்கியம். ரோடு போட ஆளும் கட்சிக்காரரிடம் கேட்கணும், பாலத்துக்கு அமைச்சரிடம் மனு கொடுக்கணும். கிராமத்து எம்எல்ஏவுக்கு இது பெரிய இக்கட்டு.

2014-ல் மூன்றாவது இடம். ஏன்?

2014 ஜூன் 2-ல் தெலங்கானா தனி மாநிலம் ஆனது. அதற்குச் சற்று முன் நடந்த தேர்தலில் தெலங்கானா உணர்வு உச்சத்தில் இருந்தது. தெலுங்கு தேசத்தை ‘ஆந்திரா கட்சி’ என்று முத்திரை குத்திவிட்டார்கள். முலுகில் டிஆர்எஸ் வேட்பாளர் அஜ்மீரா சந்துலால் வென்றார். வீரய்யா இரண்டாவது, சிட்டிங் எம்எல்ஏ சீதக்கா மூன்றாவது. சந்துலால் பிறகு கேசிஆர் அமைச்சரவையில் பழங்குடியினர் நல அமைச்சரும் ஆனார்.

அடுத்த சில வருடங்களில் தெலங்கானாவில் தெலுங்கு தேசம் கிட்டத்தட்டக் கரைந்தது. எம்எல்ஏக்கள் கூட்டம் கூட்டமாக டிஆர்எஸ் பக்கம் போனார்கள். தோற்றுப்போன ஒரு முன்னாள் எம்எல்ஏவுக்கும் அதுதான் எளிதான வழி. சீதக்கா அங்கே போகவில்லை. 2017 கடைசியில் ரேவந்த் ரெட்டி காங்கிரஸில் சேர்ந்தபோது அவரோடு போனார். ரேவந்தை அவர் அண்ணனாகத்தான் பேசுவார், ராக்கியும் கட்டுவார். இந்த உறவு இல்லாமல் அவரது பிற்கால அரசியலை விளக்க முடியாது. கொள்கைக்காகக் கட்சி மாறினார் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான்.

2018-ல் நடந்தது சுவாரஸ்யம். மாநிலத்தில் 119 தொகுதிகளில் டிஆர்எஸ் 88, காங்கிரஸ் 19. அமைச்சர் சந்துலாலை 22,671 வாக்குகள் வித்தியாசத்தில் சீதக்கா தோற்கடித்தார். பழைய வாரங்கல் மாவட்டத்தின் 12 தொகுதிகளில் காங்கிரஸுக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு: முலுகு, பூபாலபள்ளி. பழைய எதிரி வீரய்யா? அவர் அதே காங்கிரஸில் பத்ராசலம் தொகுதிக்கு மாறி, அங்கே வென்றார்.

12 பேர் போனார்கள், 6 பேர் நின்றார்கள்

2019 ஜூன். சீதக்காவின் அரசியல் வாழ்க்கையில் மிகப் பெரிய திருப்பம் இதுதான். ஆனால் வீடியோ எதுவும் இல்லாததால் அதிகம் பேசப்படாத திருப்பம்.

கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, ஒரு எம்எல்ஏ தனியாகக் கட்சி மாறினால் பதவி போகும். ஆனால் சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து போனால் அது ‘இணைப்பு’. பதவி தப்பிக்கும். காங்கிரஸின் 19 எம்எல்ஏக்களில் உத்தம் குமார் ரெட்டி எம்.பி. ஆனதால் ராஜினாமா செய்தார். மீதி 18. அதில் மூன்றில் இரண்டு என்றால் 12. சரியாக 12 பேர் டிஆர்எஸ் பக்கம் போனார்கள். சபாநாயகர் இணைப்பை ஏற்றார். காங்கிரஸில் மிஞ்சியது ஆறு பேர். ஏழு எம்எல்ஏக்கள் வைத்திருந்த ஒவைசியின் மஜ்லிஸ் கட்சியைவிடக் குறைவு. எதிர்க்கட்சி அந்தஸ்தே போய்விட்டது.

பூபாலபள்ளி எம்எல்ஏவும் போய்விட்டதால் பழைய வாரங்கலில் காங்கிரஸுக்கு மிச்சம் சீதக்கா ஒருவர்தான். நின்ற ஆறு பேரில் பொதெம் வீரய்யாவும் ஒருவர். முலுகில் பத்து வருடம் ஒருவரை ஒருவர் வீழ்த்திக்கொண்டிருந்த இருவர், மற்றவர்கள் ஓடியபோது ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

கிராமத்து எம்எல்ஏக்கள் ஆளும் கட்சிக்குத் தாவும்போது எப்போதும் சொல்லும் காரணம் ‘தொகுதி வளர்ச்சி’. அது முழுப் பொய்யும் இல்லை. நின்றதற்கு சீதக்கா கொடுத்த விலையும் உண்மைதான். எதிர்க்கட்சித் தொகுதி என்பதால் மேம்பாட்டு நிதியை விடுவிக்காமல் இழுத்தடிக்கிறார்கள் என்று 2023-ல் உயர் நீதிமன்றம் வரை போனார்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகணும். 2023-க்குப் பிறகு காங்கிரஸ் ஆட்சிக்கு வந்ததும் பிஆர்எஸ் (டிஆர்எஸ்ஸின் புதிய பெயர்) எம்எல்ஏக்கள் 10 பேர் காங்கிரஸ் பக்கம் சாய்ந்தார்கள். அவர்களின் தகுதி நீக்க மனுக்கள் மீது மூன்று மாதத்தில் முடிவெடுக்கச் சொல்லி 2025 ஜூலை 31-ல் உச்ச நீதிமன்றம் சபாநாயகருக்கு உத்தரவிட்டது. அன்று தாவாமல் நின்றதற்காகப் பாராட்டப்பட்டவர், இன்று தாவியவர்களை வரவேற்ற அரசில் அமைச்சர்.

லாக்டவுனில் என்ன செய்தார்?

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. முலுகு காட்டுக்குள் ரோடே இல்லாத குடியிருப்புகள் நிறைய. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் குத்தி கோயா மக்கள். சத்தீஸ்கரில் 2005-ல் சல்வா ஜூடும் தொடங்கிய பிறகு, மாவோயிஸ்டுகளுக்கும் அரசுப் படைக்கும் நடுவில் சிக்கி, ஊரைவிட்டு எல்லை தாண்டி வந்தவர்கள் நிறைய பேர். அவர்களில் பலரிடம் ரேஷன் கார்டு இல்லை, நிலப் பட்டா இல்லை. தெலங்கானாவில் எஸ்டி சான்றிதழும் கிடைக்காது. காரணம், அவர்கள் வெளி மாநிலத்துக்காரர்கள் என்பது அரசின் வாதம். கூலி வேலை நின்றதும் கையில் ஒன்றுமில்லை.

சீதக்கா அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி மூட்டைகளோடு கிளம்பினார். டிராக்டர் போகும் வரை டிராக்டர், அதற்கு மேல் மாட்டு வண்டி, அதற்கும் மேல் நடை. தலையில் மூட்டையோடு ஓடையைக் கடக்கும் வீடியோக்கள் நாடு முழுக்கப் பரவின. ‘கோ ஹங்கர் கோ’ என்று சமூக ஊடகத்தில் ஒரு சவாலும் தொடங்கினார். பசியில் இருப்பவருக்கு உணவு கொடுத்துவிட்டு, இன்னும் சிலரை அதைச் செய்யச் சொல்லி டேக் செய்யணும், அவ்வளவுதான்.

கேமரா கூடவே போனது என்ற விமர்சனம் வந்தது. போனதுதான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கேமரா போயிருக்காவிட்டால் குத்தி கோயா என்ற பெயரே ஹைதராபாத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. வழி காட்ட ஆள் தேவைப்படாமல் அந்தக் காட்டுக்குள் நடக்கும் எம்எல்ஏக்கள் எத்தனை பேர் என்பது இன்னொரு கேள்வி. 20 வயதில் எந்தப் பாதையில் துப்பாக்கியோடு நடந்தாரோ, கிட்டத்தட்ட அதே பாதைகள்தான்.

அதே மக்களைப் பற்றித்தான் பிஎச்டியும் செய்தார். பழைய வாரங்கல், கம்மம் மாவட்டங்களில் குத்தி கோயாக்கள் சமூகத்தால் எப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்பது தலைப்பு. 2022 அக்டோபரில் உஸ்மானியா பல்கலைக்கழகம் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் கொடுத்தது. சின்ன வயதில் நக்சல் ஆவேன் என்று நினைக்கவில்லை, நக்சலாக இருந்தபோது வக்கீல் ஆவேன் என்று நினைக்கவில்லை, வக்கீலாக இருந்தபோது எம்எல்ஏ ஆவேன் என்று நினைக்கவில்லை, எம்எல்ஏவாக இருந்தபோது பிஎச்டி முடிப்பேன் என்று நினைக்கவில்லை என்ற பொருளில் அன்று அவர் போட்ட ட்வீட் பயங்கர வைரல்.

அடுத்த மாதமே பத்ராத்ரி கொத்தகூடம் மாவட்டத்தில் ஒரு வன அலுவலர் குத்தி கோயாக்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். போடு நிலத் தகராறு. போடு என்பது காட்டைத் திருத்திச் செய்யும் பழங்குடி விவசாயம். 2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பே காட்டு நிலத்தில் உழுது வாழ்ந்த பழங்குடிகளுக்குப் பட்டா தரலாம். ஆனால் அதற்குப் பிறகு எல்லை தாண்டி வந்த குத்தி கோயாக்கள் அந்தத் தேதிக்குள் வர மாட்டார்கள். எஸ்டி பட்டியலுக்குள்ளும் வர மாட்டார்கள். வனத்துறைக்கு அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். அந்த அலுவலரின் குடும்பத்துக்கோ அவர்கள் கொலைகாரர்கள். இந்தப் பிரச்னையில் அரிசி மூட்டையோடு போய் நிற்பது சுலபம், சட்டத் தீர்வு கொண்டுவருவதுதான் கஷ்டம்.

மழை வந்தால் முலுகு தனித்தீவு

2023 ஜூலை கடைசியில் பெய்த பேய்மழையில் மேடாரம் வழியாக ஓடும் ஜம்பண்ண வாகு ஊருக்குள் புகுந்தது. ஏட்டூருநாகாரம் மண்டலத்தின் கொண்டாயி கிராமத்தில் பலர் அடித்துச் செல்லப்பட்டார்கள். சிக்கியவர்களை மீட்க ஹெலிகாப்டர் அனுப்புங்கள் என்று கேமரா முன் கண்ணீர் விட்டுக் கேட்டார் சீதக்கா. ஒரு எம்எல்ஏவால் ஹெலிகாப்டர் வரவழைக்க முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். எதிர்க்கட்சி எம்எல்ஏ என்றால் அழுதுதான் கேட்கணும் என்பதை அன்று எல்லாரும் பார்த்தார்கள்.

நக்சல் வீட்டுப் பெண்ணுக்கு எதிராக முன்னாள் நக்சல்

2023 தேர்தலில் பிஆர்எஸ் நிறுத்திய வேட்பாளர் படே நாகஜோதி. அப்போது 30 வயதுகூட ஆகாதவர், மாவட்டப் பரிஷத்தில் பொறுப்பு வகித்தவர். அவரது அப்பா மாவோயிஸ்ட் தலைவராக இருந்து என்கவுன்ட்டரில் இறந்தவர். முன்னாள் நக்சலுக்கு எதிராக நக்சல் குடும்பத்துப் பெண். இரண்டு பேருமே கோயா. ‘மக்களுக்காக ஆயுதம் எடுத்தவர்’ என்ற சீதக்காவின் பிம்பத்தை அதே ஆயுதத்தால் உடைக்கப் பார்த்தது பிஆர்எஸ். காங்கிரஸும் முலுகை விடவில்லை. ராகுல், பிரியங்கா இருவரின் பிரசாரப் பயணம் அக்டோபர் 18-ல் தொடங்கியதே ராமப்பா கோயிலில்தான்.

முடிவு: சீதக்கா 1,02,267 வாக்குகள். வித்தியாசம் 33,700. கையில் மூன்று பெரிய துறைகள் வந்தன: பஞ்சாயத்து ராஜ், ஊரக வளர்ச்சி, பெண்கள் மற்றும் குழந்தைகள் நலம். 2019-ல் நின்ற ஆறு பேரில் பட்டி விக்ரமார்கா துணை முதலமைச்சர், ஸ்ரீதர் பாபுவும் சீதக்காவும் அமைச்சர்கள். வீரய்யா பத்ராசலத்தில் தோற்றுப்போனார்.

அமைச்சரான பிறகு?

மனு கொடுத்தவர் மனு வாங்கும் இடத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பதுதான் இப்போது நடந்துகொண்டிருப்பது.

முதலில் அவருடைய சொந்தத் துறை. தெலங்கானா கிராம பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் 2024 தொடக்கத்தில் முடிந்தது. உடனே தேர்தல் நடக்கவில்லை. பிற்படுத்தப்பட்டோருக்கு 42 சதவீத இட ஒதுக்கீடு தருவதாகச் சொன்ன காங்கிரஸ் அதில் சிக்கிக்கொண்டது. விஷயம் நீதிமன்றம் போனது. கடைசியில் 2025 டிசம்பரில்தான் மூன்று கட்டமாகத் தேர்தல் நடந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் கிராமங்களைச் சிறப்பு அதிகாரிகள்தான் ஓட்டினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து இல்லை என்றால் மத்திய நிதிக்குழுவின் மானியமும் வராது. தெருவிளக்கு முதல் சாக்கடை வரை எல்லாவற்றுக்கும் இந்தப் பணம்தான். கிராமத்திலிருந்து வந்த அமைச்சரின் காலத்தில் கிராமங்களுக்குத் தலைவரே இல்லாத நிலை. தாமதத்துக்கு அவர் ஒருவர் காரணமில்லை, முடிவு முதலமைச்சர் மட்டத்தில். ஆனாலும் துறை அவருடையது.

அடுத்தது காடு. 2024 நவம்பரில் முலுகு மாவட்டம் வாஜேடு பகுதியில் இரண்டு பழங்குடிகளை போலீஸ் உளவாளிகள் என்று சொல்லி மாவோயிஸ்டுகள் வீடு புகுந்து கொன்றார்கள். அதில் ஒருவர் பஞ்சாயத்துச் செயலர், அதாவது சீதக்காவின் துறை ஊழியர். பத்து நாள்கூட ஆகவில்லை. டிசம்பர் 1-ம் தேதி ஏட்டூருநாகாரம் அருகே சல்பாக்கா காட்டில் ஏழு மாவோயிஸ்டுகளைத் தெலங்கானா போலீஸ் சுட்டுக் கொன்றது. இது உண்மையான மோதலா என்று மனித உரிமை அமைப்புகள் கேள்வி எழுப்பின. கேள்வி போன இடம் சீதக்கா உட்கார்ந்திருக்கும் அரசு. என்கவுன்ட்டரின் அர்த்தம் அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

2025 ஏப்ரல், மே மாதங்களில் தெலங்கானா-சத்தீஸ்கர் எல்லையின் கர்ரேகுட்டா மலைகளை மத்தியப் படைகள் சுற்றி வளைத்தபோது, அந்த நடவடிக்கையை நிறுத்திப் பேச்சுவார்த்தைக்கு வழி செய்யணும், நடுவில் சாவது ஆதிவாசிகள்தான் என்று வெளிப்படையாகப் பேசினார். பதவியில் இருக்கும் ஒரு அமைச்சர் இதைச் சொல்வது அரிது. மாவோயிஸத்தை 2026 மார்ச் 31-க்குள் ஒழிப்போம் என்று மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா கெடு வைத்திருந்த நேரம் அது.

அதே மே மாதக் கடைசியில் அவரது சொந்த அரசு அரசாணை எண் 49-ஐ வெளியிட்டது. கவ்வால், தடோபா புலிகள் காப்பகங்களை இணைக்கும் காட்டுப் பாதையை ‘குமுரம் பீம் பாதுகாப்புப் பகுதி’ என அறிவித்தது. ஆசிஃபாபாத் மாவட்டத்தில் 300-க்கும் மேற்பட்ட கிராமங்கள் அதற்குள் வந்தன. நிஜாம் ஆட்சியில் காட்டு உரிமைக்காகப் போராடி உயிரிழந்த கோண்டு தலைவர் குமுரம் பீம். அவர் பெயரிலேயே ஆதிவாசிகளைக் காட்டிலிருந்து வெளியேற்றப் பார்க்கிறீர்களா என்று பழங்குடி அமைப்புகள் கொந்தளித்தன. மாவோயிஸ்ட் கட்சியின் பெயரில் வெளியான ஒரு கடிதம் சீதக்காவைப் பெயர் சொல்லியே குற்றம் சாட்டியது. ஜூலை 21-ம் தேதி அரசாணையை நிறுத்தி வைத்தது அரசு. ரத்து செய்யவில்லை, நிறுத்தி மட்டும்தான் வைத்தது. அந்த முடிவுக்கு அமைச்சரவைக்குள்ளிருந்து அழுத்தம் கொடுத்தவர்களில் சீதக்காவும் உண்டு என்பது அவரது ஆதரவாளர்கள் வாதம். அரசாணை வரும் வரை என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி.

முலுகுக்கு என்ன கிடைத்தது?

தனி மாவட்டம் 2019 பிப்ரவரி 17-ல் வந்தது. அது நீண்டகாலக் கோரிக்கை, கொடுத்தது கேசிஆர் அரசு. சம்மக்கா சாரக்கா மத்திய பழங்குடியினர் பல்கலைக்கழகத்துக்கான சட்டத்தை 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2014 மாநிலப் பிரிவினைச் சட்டத்தில் கொடுத்த வாக்குறுதி அது, வர ஒன்பது வருடம் ஆனது. இரண்டுக்கும் பல கட்சிகள் உரிமை கொண்டாடுகின்றன. ரோடும் பாலமும் அமைச்சர் தொகுதி என்பதால் முன்பைவிட வேகமாக வருகின்றன. இதை எதிர்க்கட்சிக்காரர்களே, குறையாகச் சொல்வது மாதிரி, ஒப்புக்கொள்கிறார்கள்.

குத்தி கோயாக்களின் எஸ்டி அந்தஸ்து மாநில அரசு மட்டும் முடிவு செய்கிற விஷயமில்லை. பட்டியலில் மாற்றம் என்றால் நாடாளுமன்றம் சட்டம் போடணும். மாநில அரசு பரிந்துரை அனுப்பலாம். ஆனால் உள்ளூர் கோயாக்களிலேயே ஒரு பகுதியினர், வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கள் பங்கைப் பிரித்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறார்கள். லம்பாடா விவகாரத்தில் பட்ட சூடு அப்படி. சீதக்காவுக்கு ஓட்டுப் போடுபவர்கள் இந்த உள்ளூர் கோயாக்கள்தான். அவர் பிஎச்டி எழுதியது அந்தப் பக்கத்து மக்களைப் பற்றி.

தெலங்கானா சட்டமன்றத்துக்கு அடுத்த தேர்தல் 2028 கடைசியில் வரும்.